லயத்துக்கு ஏது ஆவணம்?

5 ஜனவரி 2025, வாசகர் கேள்வி

"பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையில் உள்ள நிபோங் திபால், சுங்கை பாக்காப் பக்கத்துத் தோட்டங்களின் வரலாற்றை எழுதுகிறேன் என்று ஒருவர் இங்கே பல வருடங்களாகச் சொல்லி வருகிறார். எனக்கு ஒரு சந்தேகம். தீவுக்கு வரைபடம் இருக்கிறது, கடிதங்கள் இருக்கின்றன, கட்டடங்கள் இருக்கின்றன. லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், இருந்தவர்கள் எதை எழுதி வைத்தார்கள்? என் பாட்டியும் தோட்டத்தில் பிறந்தவர்தான். அவரிடம் கேட்டால் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு கதை. ஆவணம் இல்லாத இடத்தில் கதை எழுதலாம், வரலாறு எழுத முடியாது. தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்."

6 ஜனவரி, இரவு 9.15

அந்த ஒருவர் நான்தான். தவறாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

நான் யார் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் முனைவர் என்று விளித்துக் கூச வைக்க வேண்டாம். தொலைபேசிக் கம்பி இழுத்துப் பிழைத்தவன். 1978இல் வேலைக்குச் சேர்ந்து, ஓய்வு பெறும் வரை ஜூருவுக்குத் தெற்கே கிரியான் ஆறு வரை ஏணி தூக்கி அலைந்தவன். இந்தப் பக்கத்தில் நான் கால் வைக்காத தோட்ட ஆபீஸ் கிடையாது. கிராணி என்கிற தோட்ட எழுத்தரின் மேசை, துரையின் பங்களா, மருந்துவீடு, எல்லாவற்றுக்கும் தொலைபேசி வேண்டியிருந்தது. லயத்துக்கு மட்டும் யாரும் கேட்கவில்லை.

தம்பி, ஆவணம் இல்லை என்று யார் சொன்னது? பினாங்கில் ஆங்கிலேயர் குடியேற்றத்தைத் தொடங்கிய பிரான்சிஸ் லைட் 1794இல் எழுதிய அறிக்கையிலேயே, தீவில் சூலியர் என்று அழைக்கப்பட்ட தென்னிந்தியர் ஏறக்குறைய ஆயிரம் பேர் குடியிருக்கிறார்கள், சோழமண்டலக் கரையிலிருந்து வரும் கப்பல்கள் ஆண்டுக்கு 1,300 முதல் 2,000 பேரைக் கொண்டுவருகின்றன என்று கணக்கு இருக்கிறது. 1827 முதல் இந்தக் கரையை நிர்வகித்த ஜேம்ஸ் லோ, மண் என்ன, நெல் என்ன, கரும்பு என்ன என்று எழுதித் தள்ளியிருக்கிறார். நம்மைப் பற்றி எழுதத்தான் செய்தார்கள். நம்மைக் கேட்டு எழுதவில்லை, அவ்வளவுதான்.

அது போகட்டும். நான் பிறந்த தோட்டத்து மாரியம்மன் கோயிலில் ஒரு வெண்கல மணி தொங்குகிறது. அதன் மேல் ஆங்கில ஆண்டு வார்க்கப்பட்டிருக்கிறது. கோயில் எப்போது எழும்பியது என்பதற்கு அதைவிடப் பெரிய சாட்சி என்ன வேண்டும்? யாரோ சொன்ன கதையா அது? விரலால் தடவிப் பார்க்கலாம். ஊர் மக்கள் அந்த ஆண்டை வைத்துத்தான் கும்பாபிஷேக மலரே போட்டார்கள். அந்த மலரில் கட்டுரை எழுதியவனும் அடியேன்தான்.

6 ஜனவரி, இரவு 9.50

மேலே எதையும் மாற்றவில்லை, ஒரு சொல் பற்றி மட்டும். "செபராங் பிறை மாவட்டம்" என்று நம் கரையை இங்கே பலரும் எழுதுகிறீர்கள். அது ஒரு மாவட்டம் இல்லை, மூன்று: வடக்கு, மத்தி, தெற்கு. மூன்றும் சேர்ந்து 2019 செப்டம்பர் 16 முதல் மாநகரம். நான் எழுதுவது தெற்கைப் பற்றி மட்டும். வடக்குக்கும் மத்திக்கும் வேறு ஆள் பாருங்கள், எனக்கு முழங்கால் வலி.

8 ஜனவரி, மதியம் 2.30

இந்தக் கரைக்கு வெள்ளைக்காரன் வைத்த பெயர் புரோவின்ஸ் வெல்லஸ்லி. அந்த வெல்லஸ்லி யார் என்று ஓர் அன்பர் கேட்டிருக்கிறார். இன்னோர் அன்பர், வாட்டர்லூவில் நெப்போலியனை வென்றவர் என்று பதிலும் போட்டுவிட்டார். அவர் தம்பி, ஆர்தர். இந்த மண்ணுக்குப் பெயர் கொடுத்தவர் அண்ணன் ரிச்சர்ட், அப்போது இந்தியாவின் கவர்னர் ஜெனரல். 1800இல் கெடா சுல்தானிடமிருந்து இந்தக் கரையைக் கிழக்கிந்தியக் கும்பினிக்காக வாங்கிய ஜார்ஜ் லீத், மேலதிகாரியின் பெயரைச் சூட்டி வைத்தார். தீவுக்கும் கரைக்கும் சேர்த்துக் கெடாவுக்கு ஆண்டுக்கு 6,000 ஸ்பானிய டாலர்.

எனக்கு அந்தப் பெயரில் உறுத்துவது வேறு. இதே ரிச்சர்ட் வெல்லஸ்லி கவர்னர் ஜெனரலாக இருந்த காலத்தில்தான் 1799இல் திப்பு வீழ்ந்தார். அதே ஆண்டு கட்டபொம்மனைக் கயத்தாற்றில் தூக்கிலிட்டார்கள். 1801இல் மருது சகோதரர்களை. 1802 பிப்ரவரியில் தூத்துக்குடியிலிருந்து எழுபதுக்கும் மேற்பட்ட போராளிகளைக் கப்பலேற்றிப் பினாங்குக்கு நாடு கடத்தினார்கள். சின்ன மருதுவின் மகன் துரைசாமி அதில் ஒருவன், மீசை முளைக்காத பையன். கப்பல் தீவை நெருங்கியபோது கிழக்கே தெரிந்த கரைக்கு, அப்பனைத் தூக்கிலிட்ட ஆட்சியின் தலைவன் பெயரை வைத்து இரண்டு வருடம்கூட முழுதாக ஆகவில்லை.

பள்ளிக்கூடத்தில் எனக்கு இதை யாரும் சொல்லவில்லை. புரோவின்ஸ் வெல்லஸ்லி என்று கையெழுத்துப் பயிற்சி மட்டும் கொடுத்தார்கள்.

9 ஜனவரி, காலை 7.05

திருத்தம். 6,000 என்று எழுதியது பிழை. அது 1791 ஒப்பந்தத் தொகை, தீவுக்கு மட்டும். 1800இல் கரையும் சேர்ந்தபோது 10,000 ஆனது. சுட்டிக்காட்டிய அக்காவுக்கு நன்றி. "கணக்கில் நாலாயிரத்தை விழுங்கிய கிராணி" என்று அவர் எழுதியதற்கு நன்றி இல்லை.

14 ஜனவரி, காலை 11.20

பொங்கல் வாழ்த்து. பானை பொங்கி வழிந்து அடுப்பை அணைத்துவிட்டது. வீட்டில் எல்லோரும் என்னைக் குற்றம் சொல்கிறார்கள், ஆகவே இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறேன்.

இடப்பெயர் பற்றிக் கேட்டவருக்கு. நிபோங் திபால் என்றால் அடர்ந்த நிபோங் பனை. சிம்பாங் அம்பாட், நாற்சந்தி. கெப்பாலா பாத்தாஸ், எல்லையின் தலை. பட்டர்வொர்த் என்பது 1843 முதல் 1855 வரை நீரிணைக் குடியேற்ற கவர்னராக இருந்தவர் பெயர். சுங்கை பாக்காப் அருகே வால்டோர் என்கிறோமே, அது மலாயும் இல்லை, ஆங்கிலமும் இல்லை, பிரெஞ்சு. தங்கப் பள்ளத்தாக்கு என்று பொருள். அங்கே பள்ளத்தாக்கும் இல்லை, தங்கத்தையும் நான் பார்த்ததில்லை. ஏணியோடு சேற்றில் விழுந்திருக்கிறேன்.

தமிழ்ப் பெயர்கள்தான் தொல்லை. தீவில் கடைத்தெரு என்றால் எல்லோருக்கும் ஒரே தெரு. கரையில் அப்படி இல்லை. எந்தத் தோட்டத்துக்குப் போனாலும் ஒரு "பழைய தோட்டம்", ஒரு "புதுத் தோட்டம்", ஒரு "மேல் லயம்". கம்பெனிப் பதிவில் ஸ்காட்லாந்துப் பெயராகவோ யாரோ பங்குதாரரின் மனைவி பெயராகவோ இருக்கும். இரண்டையும் பொருத்துவதற்குள் எனக்குத் தலை நரைத்துவிட்டது.

இன்னொன்று. வரைபடத்தை எடுத்துப் பாருங்கள், தெற்கே கோடு கிழித்தாற்போல நேராக ஓடும் கான்கள் தெரியும். சில இடங்களில் அவை சாதாரண வடிகால்கள் இல்லை. கரும்புக் காலத்தில் வெட்டிய கால்வாய்கள். வெட்டிய கரும்பைப் படகில் ஏற்றி ஆலைக்கு இழுத்துப் போவார்கள். எங்கள் தொலைபேசிக் கம்பங்களை அந்தக் கரையோரமாகத்தான் நட்டோம், ஏனென்றால் அங்கேதான் நேரான பாதை இருந்தது. நூறு வருடத்துக்கு முன் மண்வெட்டி பிடித்தவன் எனக்குக் கம்பம் நட அளந்து கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான் என்பது அப்போது தெரியாது.

பத்து காவானில் தோட்ட நிலமாக இருந்த பரப்பில் 2019 மார்ச்சில் ஐக்கியா கடை திறந்தார்கள். போன மாதம் மருமகள் அங்கே நாற்காலி வாங்கக் கூட்டிப் போனாள். ஒன்றும் வாங்கவில்லை. கார் நிறுத்துமிடத்தில் நின்று கான் எங்கே என்று தேடிக்கொண்டிருந்தேன் என்று அவள் ஊரெல்லாம் சொல்லிவிட்டாள்.

18 ஜனவரி, இரவு 10.30

தம்பி மறுபடியும் வந்திருக்கிறார். "லைட் எழுதினார், லோ எழுதினார், சரி. லயத்து மனிதர்களின் பெயர் எங்கே?" என்கிறார். நல்ல கேள்வி. எரிச்சலூட்டும் கேள்விகள் பெரும்பாலும் நல்ல கேள்விகளாக இருந்து தொலைக்கின்றன.

பெயர் இருந்தது. செக்ரோல் புத்தகத்தில் இருந்தது. ஒவ்வொரு தோட்டத்திலும் விடியற்காலைப் பெரட்டில், அதாவது வேலைக்கு முன் ஆட்களைக் கூட்டி நிறுத்தும்போது, கிராணி ஆள் கணக்கு எடுப்பார். யார் வந்தார், யார் வரவில்லை, யாருக்கு முழு நாள், யாருக்கு அரை நாள், யார் அரிசிக்கு முன்பணம் வாங்கினார். பெயர், தகப்பன் பெயர், பக்கத்தில் முப்பத்தொரு கட்டங்கள். பிரசவத்துக்கு எத்தனை நாள் வரவில்லை என்பதுகூட அந்தக் கட்டங்களிலிருந்து தெரியும். தடித்த அட்டை, முதுகில் சிவப்புத் துணி, நோட்டுப் புத்தகத்தைப் போல இரண்டு மடங்கு அகலம்.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு நாள். தோட்டத்தின் பெயர் வேண்டாம். கைமாறிய தோட்டம், ஆபீஸைக் காலி செய்துகொண்டிருந்தார்கள். தொலைபேசிப் பெட்டியைக் கழற்றி வா என்று என்னை அனுப்பியிருந்தார்கள். பின்பக்கம் புகை. போய்ப் பார்த்தால், கிராணி ஐயா கையில் ஒரு நீளக் குச்சி, முன்னால் தீ, தீக்குள் செக்ரோல் புத்தகங்கள். எத்தனை என்று எண்ணவில்லை. இரண்டு அலமாரி காலியாக இருந்தது. "புது முதலாளிக்கு அலமாரி வேண்டுமாம், புத்தகம் வேண்டாமாம்" என்றார். அவர் முகத்தில் வருத்தமும் இல்லை, மகிழ்ச்சியும் இல்லை. முப்பது வருடம் தன் கையால் எழுதியவற்றைக் குச்சியால் தள்ளிக்கொண்டிருந்தார். அட்டை சீக்கிரம் எரியவில்லை. தாள் எரிந்த பிறகும் அட்டை மட்டும் வாய் திறந்தாற்போல் கிடந்தது.

அதில் ஒரு புத்தகத்தை நான் காப்பாற்றினேன். போருக்குப் பிந்தைய ஆண்டுகளைச் சேர்ந்தது. இன்றும் என் வீட்டில் இருக்கிறது. ஆவணம் கேட்டீர்களே, அதுதான் ஆவணம்.

19 ஜனவரி, அதிகாலை 2.10

தூக்கம் வரவில்லை. நேற்று எழுதியதில் "காப்பாற்றினேன்" என்ற சொல் சரியில்லை. பிறகு விளக்குகிறேன்.

23 ஜனவரி, மாலை 6.00

இந்த இழையும் கடைசியில் 99 கதவு பங்களாவுக்கு வந்து சேர்ந்துவிட்டது. வராமல் இருக்குமா? நிபோங் திபாலைப் பற்றி எங்கே எதைப் பேசினாலும் பத்தாவது ஆள் பேயைக் கொண்டுவந்துவிடுகிறார்.

சுருக்கமாகச் சொல்கிறேன், பிறகு யாரும் கேட்காதீர்கள். அந்தப் பங்களா இருப்பது கலிடோனியா தோட்டத்தில். எட்வர்ட் ஹார்ஸ்மன் என்ற இங்கிலாந்து நாடாளுமன்ற உறுப்பினருக்கு இங்கே பெரிய கரும்புத் தோட்டங்கள் இருந்தன. அவருக்குப் பிறகு மைத்துனர் ராம்ஸ்டன் குடும்பத்துக்குப் போனது. கரும்பு போய் ரப்பர் வந்தது. 1948இல் அந்தக் குடும்பத்தவர் ஒருவரைப் பங்களாவிலேயே சுட்டுக் கொன்றார்கள். பங்களா பாழடைந்தது. இப்போது இரவில் கைவிளக்கோடு பையன்கள் போகிறார்கள், கத்துகிறார்கள், படம் பிடிக்கிறார்கள்.

கதவுகளை எண்ணிவிட்டார்கள். அந்தக் கதவுகளைத் துடைத்தவர்களை எண்ணியது யார்? அத்தனை படங்களில் ஒன்றாவது லயம் இருந்த இடத்தில் நின்று எடுத்தது உண்டா? தேடிப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். எனக்குக் கிடைத்தது ஒன்று, அதில் பையன் லயத்துத் தண்ணீர்த் தொட்டி மேல் உட்கார்ந்து ரொட்டி சாப்பிடுகிறான்.

26 ஜனவரி, மதியம் 1.15

ஆவணம் தேட எங்கே போவது என்று கேட்ட தங்கைக்கு. கோலாலம்பூரில் தேசிய ஆவணக் காப்பகம் இருக்கிறது. பட்டர்வொர்த்தில் காலை ஈடிஎஸ் ரயில் ஏறினால் மதியச் சாப்பாட்டுக்குப் போய்விடலாம். வீட்டிலிருந்தபடியே என்றால் சிங்கப்பூர் தேசிய நூலகம் பழைய செய்தித்தாள்களை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. தோட்டத்தின் ஆங்கிலப் பெயரைப் போட்டுத் தேடுங்கள். முதலில் துரைமார்களின் டென்னிஸ் போட்டி முடிவுகள் வரும். பிறகு பங்கு விலை. பிறகு மறுபடியும் டென்னிஸ். பொறுமையாகக் கீழே போனால் ஒரு நீதிமன்றச் செய்தியில் நம் ஆள் ஒருவர் எட்டிப் பார்ப்பார், முத்துசாமியாக இல்லை, "மூட்டூசாமி"யாக. நீதிமன்ற எழுத்தர் காதில் எப்படி விழுந்ததோ அப்படி. ஒரே மனிதருக்கு மூன்று எழுத்துக்கூட்டல் பார்த்திருக்கிறேன். மூன்றையும் போட்டுத் தேடுங்கள்.

தமிழ்ச் செய்தித்தாள்களையும் விடாதீர்கள். 1924இல் தொடங்கிய தமிழ் நேசன் 2019 தொடக்கத்தில் நின்றுபோனது. யார் வீட்டுப் பரணிலாவது பழைய கட்டு இருந்தால் கரையானுக்கு முன் நமக்குச் சொல்லுங்கள்.

2 பிப்ரவரி, இரவு 11.00

இன்று நடந்ததை எழுதுவதற்குச் சங்கடமாக இருக்கிறது, எழுதிவிடுகிறேன்.

சிம்பாங் அம்பாட்டில் ஒரு தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) மகன் வீட்டில் இருக்கும் பாட்டியைப் பார்க்கப் போனேன். தொண்ணூறைத் தாண்டியவர், எங்கள் தோட்டத்துக்கு வாக்கப்பட்டு வந்தவர். செக்ரோலில் உள்ள சில பெயர்களைக் கேட்கத்தான் போனேன். பேச்சுவாக்கில் கைப்பேசியில் கோயில் மணிப் படத்தைக் காட்டி, "பாட்டி, நம் கோயில் மணி, எவ்வளவு பழையது பார்த்தீர்களா?" என்று பெருமையாகக் கேட்டேன்.

பாட்டி படத்தைக் கண்ணுக்கு அருகில் வைத்துப் பார்த்தார். பிறகு சிரித்தார். "இது அம்மன் மணி இல்லையே ஐயா. இது பெரட்டு மணி" என்றார்.

அவர் சொன்னது: மாமியார் காலத்தில் அந்த மணி பெரட்டுக் களத்தில் மழைமரத்தில் தொங்கியது. அதற்கும் முன்பு கரும்பு ஆலையில் இருந்ததாக மாமியாரின் மாமியார் சொல்வாராம். ஆலையைப் பிரித்து இரும்பை விற்றபோது மணி மட்டும் நின்றுவிட்டது. ஜப்பான்காரன் போன பிறகு, கோயிலுக்கு மணி இல்லை என்று ஆண்கள் மாட்டு வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள். இறக்கும்போது கீழே போட்டார்கள். "ஒரு பக்கம் விரிசல் இருக்கும், போய்ப் பார்" என்றார்.

கதை என்று நினைத்தேன். நேராகக் கோயிலுக்குப் போனேன். பண்டாரத்திடம் ஏணி கேட்டு ஏறினேன், அறுபத்தாறு வயதில். விரிசல் இருக்கிறது. அதைவிட இன்னொன்று. கோயில் மணிக்கு உள்ளே நாக்கு இருக்கும், உள்விளிம்புதான் தேயும். இந்த மணிக்கு வெளிவிளிம்பில் ஒரே இடத்தில் உள்ளங்கை அகலத்துக்கு நசுங்கியிருக்கிறது. பல்லாண்டு ஒருவன் அதே இடத்தில் நின்று சுத்தியலால் அடித்த தழும்பு. உள்நாக்கு பின்னாளில் கம்பி கட்டி மாட்டியது. கம்பி கட்டுவது என் தொழில், பார்த்தவுடன் தெரிகிறது. இத்தனை வருடம் கீழே நின்றே கும்பிட்டிருக்கிறேன்.

ஆகவே மணியில் உள்ள ஆண்டு, மணியை வார்த்த ஆண்டு. சீமையில் வார்த்து, கரும்பு ஆலைக்கு வந்தது. கோயிலின் வயதுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. நான் கும்பாபிஷேக மலரில் எழுதிய கட்டுரை தவறு. இந்த இழையில் ஜனவரி 6ஆம் தேதி எழுதியதும் தவறு. ஆவணம் பொய் சொல்லவில்லை, நான்தான் அதைத் தவறாக வாசித்தேன். வாசித்தது தவறு என்று சொன்னது, தம்பி, ஒரு பாட்டியின் கதை.

பாட்டியும் ஆலையைக் கண்ணால் பார்த்தவர் இல்லை. இந்தப் பக்கம் கரும்பு மறைந்து ரப்பர் நிரம்பியது 1910களில், அவர் பிறப்பதற்கு முன்பே. கேட்டதைச் சொன்னார். ஆனால் விரிசல் இருக்கிறது, தழும்பு இருக்கிறது. ஏணி வைத்து ஏறிப் பார்க்காமல் நான் இதையும் நம்பியிருக்க மாட்டேன்.

ஒன்று மட்டும் மனதை விட்டுப் போக மறுக்கிறது. ஆளை வேலைக்கு விரட்டிய மணியை அம்மன் முன்னால் தொங்கவிட்டிருக்கிறார்கள். பழிவாங்கவா, வேறு மணி வாங்கக் காசில்லாமலா? பாட்டியிடம் கேட்டேன். "சத்தம் நன்றாக இருக்கும் ஐயா" என்றார்.

3 பிப்ரவரி, காலை 8.40

மணியின் ஆண்டை ஏன் எழுதவில்லை என்று ஐந்து பேர் கேட்டுவிட்டீர்கள். வேண்டுமென்றேதான் எழுதவில்லை. எழுதினால் நாளை யாராவது அதை எடுத்துக் கோயில் கட்டிய ஆண்டு என்று விக்கிப்பீடியாவில் ஏற்றுவார்கள், மறுநாள் நானே அதை ஆதாரமாகக் காட்டுவேன்.

12 பிப்ரவரி, இரவு 9.30

நேற்றுத் தைப்பூசம். தீவுக்குப் போய்த் தண்ணீர்மலை ஏறவில்லை, 513 படி என் முழங்காலுக்கு ஒத்துவராது. அடிவாரத்தில் தண்ணீர்ப் பந்தல் ஒன்றில் உட்கார்ந்திருந்தேன். இந்த இழையைப் படிக்கிறவர் என்று ஒருவர் வந்து, "மணி ஐயா நீங்கள்தானே?" என்றார். இனி இந்தப் பட்டத்தோடுதான் சாக வேண்டும் போலிருக்கிறது.

16 பிப்ரவரி, இரவு 12.20

ஜனவரி 19ஆம் தேதி சொல்ல வந்து சொல்லாமல் விட்டது.

செக்ரோல் புத்தகத்தை நான் காப்பாற்றவில்லை. எடுத்தேன், அவ்வளவுதான். வரலாறு, ஆவணம் என்ற நினைப்பெல்லாம் எனக்கு அப்போது இல்லை. இருபத்து நான்கு வயது. நல்ல தடித்த தாள், பின்பக்கம் வெறுமையாக இருந்தது. எழுத உதவும் என்று தீயின் ஓரத்திலிருந்து இழுத்துக்கொண்டேன். கிராணி ஐயாவும், "எடுத்துக்கொள், உனக்காவது பயன்படட்டும்" என்றார்.

பயன்படுத்தினேன். புது இணைப்புக் கொடுத்ததும் வீட்டுக்காரருக்கு எண்ணை எழுதிக் கொடுக்க வேண்டும். மறக்காமல் இருக்கட்டும் என்று பெரிய எழுத்தில் எழுதிக் கொடுப்பேன். அதற்குத் தாள் எங்கிருந்து வந்தது என்று நினைக்கிறீர்கள்? வேனின் பின்னிருக்கையில் அந்தப் புத்தகம் கிடந்தது. ஒரு தாளைக் கிழித்து, நாலாய் மடித்து, பின்பக்கத்தில் எண். மளிகைக் கடை, முடிதிருத்தும் கடை, கிளினிக், தாமான் வீடுகள். இரண்டு வருடத்துக்கும் மேல் இப்படியே போனது. ஏன் நிறுத்தினேன் தெரியுமா? மனம் மாறி அல்ல. அட்டை கழன்றுவிட்டது, வேறு நோட்டு கொடுத்தார்கள்.

மிச்சம் இருப்பதை ஓய்வு பெற்ற பிறகுதான் ஒழுங்காகப் பார்த்தேன். தையலில் கிழிந்த முனைகளை எண்ணினேன். அறுபத்து மூன்று தாள் இல்லை. ஒரு தாளுக்குப் பன்னிரண்டு பெயர் என்று வைத்தாலும் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அதில் ஒரே ஆள் மாதாமாதம் திரும்ப வருவார் என்பது மட்டுமே ஆறுதல்.

கிராணி ஐயாவைப் பற்றி எத்தனை கூட்டங்களில் பேசியிருக்கிறேன், எரித்தவர் என்று. அவர் ஒரே நாளில் எரித்தார். நான் இரண்டு வருடம் கிழித்தேன்.

20 பிப்ரவரி, மாலை 5.45

நேற்று முன்தினம் எழுதியதற்கு நிறையப் பேர் ஆறுதல் சொல்லியிருக்கிறீர்கள். வேண்டாம். வேலையைப் பார்ப்போம். (நேற்று முன்தினம் இல்லை, நாலு நாள் ஆகிறது. வயது.)

தம்பியின் முதல் கேள்விக்கு நான் பதிலே சொல்லவில்லை என்று இப்போதுதான் உறைத்தது. பாட்டி ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு கதை சொல்கிறார் என்றீர்கள். "பழைய தோட்டத்தில் ஆறு பக்கத்தில் லயம்" என்று ஒரு முறை, "பழைய தோட்டத்தில் தண்ணீரே இல்லை, ஒரு மைல் நடக்க வேண்டும்" என்று ஒரு முறை. இதைத்தானே முரண் என்கிறீர்கள்? என்னிடமும் பலர் அப்படித்தான் சொன்னார்கள், நானும் பல வருடம் மறதி என்றே குறித்து வைத்தேன்.

மறதியாக இல்லாமலும் இருக்கலாம். ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் தோட்டத் துண்டாடல் நடந்தது. வெள்ளைக்காரக் கம்பெனிகள் விற்றுவிட்டுக் கிளம்ப, வாங்கியவர்கள் தோட்டத்தைக் கூறுபோட்டு விற்றார்கள், லயத்தில் இருந்தவர்கள் மூட்டையைக் கட்டினார்கள். அதைத் தடுக்கத்தான் 1960இல், அப்போது அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர்களிடம் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தோட்டம் வாங்கினார். எல்லாத் தோட்டத்தையும் வாங்க முடியுமா? 1969க்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயமானது. சிவப்பு அடையாள அட்டை வைத்திருந்த அவர்களில் பலர் ரஜூலா கப்பலேறி இந்தியாவுக்குப் போனார்கள். மற்றவர்கள் அடுத்த தோட்டம், அதற்கடுத்த தோட்டம்.

மூன்று தோட்டம் மாறிய பெண்ணுக்குப் பழைய தோட்டம் மூன்று இருக்கும். எதைக் கேட்கிறீர்கள் என்று நீங்கள் சொல்லவில்லை, எதைச் சொல்கிறேன் என்று அவரும் சொல்லவில்லை. அடுத்த முறை, "பாட்டி, அந்த லயத்தில் இருந்தபோது என் அப்பா பிறந்துவிட்டாரா?" என்று கேளுங்கள். பிள்ளைகளின் பிறப்பைக் கொண்டு கேட்டால் ஆண்டு வந்துவிடும். பிறப்புப் பத்திரத்தில் தோட்டத்தின் ஆங்கிலப் பெயரும் இருக்கும். அதுவும் ஆவணம்தான், உங்கள் வீட்டு அலமாரியிலேயே இருக்கிறது.

22 பிப்ரவரி, இரவு 8.00

தம்பி கேட்டுவிட்டு வந்திருக்கிறார். மூன்று இல்லையாம், நான்கு. பாட்டி ஒரு தோட்டத்தில் பதினோரு மாதம்தான் இருந்தாராம், கங்காணியோடு சண்டை. சண்டை எதற்கு என்பதற்கு மட்டும் இன்னும் இரண்டு கதை இருக்கிறது என்கிறார். இருக்கட்டும்.

27 பிப்ரவரி, இரவு 10.10

நிபோங் திபாலிலிருந்து ஓர் அம்மா படம் அனுப்பியிருக்கிறார். அவருடைய அப்பா முடிதிருத்தும் கடை வைத்திருந்தவர். சாமி அலமாரி இழுப்பறையில், கடையின் பழைய லைசென்ஸோடு, நாலாய் மடித்த ஒரு தாள். ஒரு பக்கம் தொலைபேசி எண், நீல மையில், பெரிய எழுத்தில், 7க்கு நடுவில் கோடு போட்டு. என் கைதான். அப்பா கடைசி வரை அதை எறிய விடவில்லையாம். கடையின் முதல் எண் என்று ராசியாக வைத்திருந்தாராம். இப்போதும் அதே எண்தானாம், முன்னால் இலக்கம் கூடியிருக்கிறது.

மறுபக்கம் முப்பத்தொரு கட்டம். பதினான்கு பெயர். பதினொன்றை வாசிக்க முடிகிறது. மூன்றின் மேல் என் மை ஊறிவிட்டது.

சனிக்கிழமை நேரில் போகிறேன். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் பேனா அழுத்தியது தெரியலாம்.

இன்னும் அறுபத்திரண்டு தாள் வெளியில் இருக்கிறது. ஜூரு, சிம்பாங் அம்பாட், சுங்கை பாக்காப், ஜாவி, நிபோங் திபால். எண்பதுகளின் தொடக்கத்தில் உங்கள் வீட்டுக்கோ கடைக்கோ தொலைபேசி வந்திருந்தால், தந்தி, பில், கல்யாணப் பத்திரிகை என்று அடுக்கி வைத்த கட்டுகளைப் பிரித்துப் பாருங்கள். 7க்கு நடுவில் கோடு இருக்கும். திருப்பிப் பாருங்கள்.